‘டென் பீல்’ சரியா, ‘டென் பீலென்’ சரியா?

நோர்வேக்கு வந்து இரண்டு வருடமான ஒருவர் கேட்ட கேள்வி சுருக்கமாக இது. மொழி வகுப்பில் "அந்தக் கார்" என்பதற்கு ‘டென் பீலென்’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், டென்மார்க்கில் இருக்கும் அக்காவோ ‘டென் பீல்’ என்று எழுதுகிறார், இதில் எது சரி? புத்தகத்தைக் குறிக்கும் ‘பூக்’ பெண்பால் என்று சொல்லிவிட்டு, ஆண்பாலுக்கு வைக்கிற அதே ‘டென்’னைத்தான் அதற்கும் வைக்கிறார்கள், அப்படியென்றால் பெண்பால் என்று ஒன்று எதற்கு? அம்மாவை அறிமுகப்படுத்தும்போது மட்டும் ஏன் வீட்டுக்கும் மேசைக்கும் போடுகிற ‘டெட்டெ’?

முதல் கேள்விக்குப் பதில், இரண்டும் சரி. ஆனால் அதனதன் மொழியில் மட்டும்தான் சரி. டேனிஷ்காரரிடம் ‘டென் பீலென்’ என்றால் அவருக்குப் புரியும், ஆனால் அது டேனிஷ் இல்லை என்பதும் அவருக்கு உடனே தெரிந்துவிடும். நோர்வேயில் ‘டென் பீல்’ என்று மட்டும் சொன்னால் வாக்கியம் பாதியில் நின்ற மாதிரி இருக்கும். மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. ‘டென்’ சிக்கல் இல்லை. அதன் ஜோடியான ‘டே’ எழுதும்போது கடைசியில் ‘ட்’ ஒலிக்கான எழுத்தோடு முடியும், சொல்லும்போது அந்த எழுத்து விழுந்துவிடும், இரண்டு மொழியிலும் அப்படித்தான். பன்மைக்கான சொல்லை எழுத்தில் பார்த்தால் ‘டே’ என்று வாசிக்கத் தோன்றும், ஆனால் அதை ‘டி’ என்றுதான் சொல்வார்கள். புதிதாகப் படிப்பவர்கள் பலருக்கு இலக்கணம் புரியாமல் போவதில்லை, காதில் விழுவதும் கண்ணில் படுவதும் பொருந்தாமல்தான் குழப்பமே வருகிறது. கீழே நான் எழுதுவது எல்லாம் காதில் விழுகிறபடி.

டேனிஷில் பெயர்ச்சொற்கள் இரண்டே வகை. "ஒரு" என்பதற்கு ‘என்’ வாங்குகிறவை ஒன்று, ‘எட்’ வாங்குகிறவை இன்னொன்று. ‘என் பீல்’ ஒரு கார், ‘எட் ஹூஸ்’ ஒரு வீடு. முதல் வகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரின் பொருள் பொதுப்பால், இரண்டாவதின் பெயருக்கு நேர்ப்பொருள் "எந்தப் பாலும் இல்லை". சொற்களில் ஏறக்குறைய முக்கால்வாசி ‘என்’ வகை. நோர்வேஜியனில் மூன்று: ஆண்பாலுக்கு ‘என்’, பெண்பாலுக்கு ‘எய்’, மூன்றாவதற்கு ‘எட்’. நோர்வேயில் எழுத்து மொழியே இரண்டு. பெரும்பாலோர் எழுதும் பூக்மோலில் பெண்பால் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது, ‘எய் பூக்’ என்றும் எழுதலாம், ‘என் பூக்’ என்றும் எழுதலாம். நீநொர்ஸ்க்கில் அந்தச் சலுகை கிடையாது, மூன்று பாலும் கட்டாயம்.

இப்போது சுட்டுச் சொற்களுக்கு வருவோம். இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே சொற்கள்தான். "அந்த" என்பதற்கு ‘டென்’, ‘எட்’ வகைச் சொல்லாக இருந்தால் ‘டே’, பன்மையென்றால் ‘டி’. "இந்த" என்பதற்கு ‘டென்னெ’, ‘எட்’ வகைக்கு ‘டெட்டெ’, பன்மைக்கு ‘டிஸ்ஸெ’. கவனித்தால் தெரியும், பெண்பாலுக்கென்று தனி வடிவம் எங்கேயும் இல்லை. மூன்று பாலை விடாப்பிடியாக வைத்திருக்கும் நீநொர்ஸ்க்கிலும் இல்லை. சுட்டுச் சொல்லுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே கேள்வி: நீ ‘எட்’ வகையா, இல்லையா? இல்லையென்றால் ஆணோ பெண்ணோ எல்லாவற்றுக்கும் ‘டென்’.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான பழைய நோர்ஸ் மொழியில் "அந்த" என்பதற்கு மூன்று பாலுக்கும் மூன்று வடிவம் இருந்தது, அவற்றின் இன்றைய பேரப்பிள்ளைகளை ஐஸ்லாந்து மொழியில் கேட்கலாம்: சௌ, சூ, தாத். டென்மார்க்கிலும் நோர்வேயிலும் வேற்றுமை உருபுகள் தேய்ந்து உதிர்ந்தபோது, ஆண்பாலின் இரண்டாம் வேற்றுமை வடிவம் மட்டும் நிலைத்தது. ‘தன்’ என்பது போல ஒலித்த அந்த வடிவம்தான் இன்றைய ‘டென்’. "இந்த" என்பதற்கான ‘டென்னெ’யும் அதேபோல ஆண்பால் இரண்டாம் வேற்றுமையிலிருந்து வந்ததுதான். ஆக, பெண்பால் சொல்லுக்கு ‘டென்’ வைக்கும்போது அதை ஆணாக்கிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், அந்தச் சொல் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பொதுவாகிவிட்டது. தமிழில் ‘அந்த’வுக்குப் பால் கிடையாது, ‘அவன், அவள், அது’வுக்கு உண்டு. ‘டென்’ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, பால் வேறுபாட்டில் பாதியைத் தொலைத்துவிட்டு மீதிப் பாதியை வைத்துக்கொண்டிருக்கிறது.

சரி, அப்படியென்றால் பெண்பால் எங்கே போய் ஒளிந்திருக்கிறது? வாலில். ஸ்காண்டிநேவிய மொழிகளுக்கென்று ஒரு பழக்கம் உண்டு: "குறிப்பிட்ட அந்த" என்ற பொருளைச் சொல்லுக்கு முன்னால் வைக்காமல் பின்னால் ஒட்டிவிடுவார்கள். பீல், பீலென். ஹூஸ், நோர்வேயில் ஹூஸெ, டென்மார்க்கில் ஹூசெத். பூக், பூக்கா. இந்த வால்களும் ஒரு காலத்தில் தனிச் சுட்டுச் சொற்கள்தான், ‘இன்ன்’ என்று தொடங்கும் ஒரு குடும்பம், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நின்று நின்று ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒட்டிக்கொண்டதால் தேய்மானத்திலிருந்து கொஞ்சம் தப்பித்தது. முன்னால் நின்ற சுட்டுச் சொல் பெண்பாலை இழந்துவிட்டது, பின்னால் ஒட்டிய சுட்டுச் சொல் அதை ‘ஆ’ என்ற வாலாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ‘டென் பீலென்’, ‘டென் பூக்கா’: முன்பகுதி ஒன்றே, வால் வேறு. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். ‘டென்’னைப் பார்த்து ஒரு சொல் ஆண்பாலா பெண்பாலா என்று கண்டுபிடிக்க முடியாது, வாலைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. நோர்வேஜியன் முன்னாலும் சுட்டுச் சொல்லை வைக்கும், பின்னால் வாலையும் விடாது. டேனிஷ் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும், முன்னால் ‘டென்’ வந்தால் வால் விழுந்துவிடும். இடையில் ஓர் உரிச்சொல் வந்தாலும் இதே கதைதான். "அந்தப் பெரிய கார்" நோர்வேயில் ‘டென் ஸ்டூரெ பீலென்’, டென்மார்க்கில் ‘டென் ஸ்டோரெ பீல்’. கோபன்ஹேகன் கடலோரத்தில் 1913 முதல் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கடற்கன்னிச் சிலையை டேனிஷ்காரர்கள் ‘டென் லில்லெ ஹவ்ஃப்ருவெ’ என்பார்கள், நோர்வேஜியனில் சொல்ல வேண்டுமென்றால் ‘ஹாவ்ஃப்ருவென்’ என்று வால் வளர்ந்துவிடும். உரிச்சொல் இருக்கும்போது ‘டென்’னை அழுத்தாமல் சொன்னால் வெறும் குறிப்புப் பொருள்தான், அழுத்திச் சொன்னால்தான் கையை நீட்டிக் காட்டுகிற "அந்த". உரிச்சொல் இல்லாமல் வெறும் ‘டென் பீல்’ என்று டேனிஷில் வந்தால் அது பெரும்பாலும் சுட்டுதான், ஏனென்றால் வெறும் குறிப்புக்கு ‘பீலென்’ இருக்கிறதே.

நோர்வேயில் இருப்பவர் ஒரு விஷயத்தைப் பார்த்துக் குழம்பக் கூடாது. நோர்வே தேவாலயத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘டென் நோர்ஸ்கெ ஷிர்கெ’, வால் இல்லை. அதே நாட்டில் 1912இல் நீநொர்ஸ்க்குக்காகவே தொடங்கப்பட்ட ஒஸ்லோ நாடக அரங்கின் பெயர் ‘டே நோர்ஸ்கெ தெயாட்ரெ’, வாலோடு. 1814 வரை நோர்வே நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக டென்மார்க்கோடு ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது, எழுதியது டேனிஷ். பூக்மோல் அந்த எழுத்து மரபு மெல்ல மெல்ல நோர்வேமயமாகி வந்தது, நீநொர்ஸ்க் ஐவார் ஓசன் என்ற மொழியறிஞர் கிராமம் கிராமமாகப் போய்ப் பேச்சுமொழிகளைக் கேட்டுக் கட்டியெழுப்பியது. அதனால் பழைய நிறுவனப் பெயர்களிலும் சட்ட வாசகங்களிலும் டேனிஷ் பாணி தங்கிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு வெள்ளை மாளிகை. நோர்வேஜியனில் ‘டே வீதெ ஹூஸ்’ என்றால் வாஷிங்டனில் அதிபர் இருக்கும் இடம். ‘டே வீதெ ஹூஸெ’ என்றால் தெருமுனையில் வெள்ளை அடித்திருக்கும் யாரோ ஒருவரின் வீடு. ஒரு சின்ன வால், அவ்வளவு பெரிய வித்தியாசம்.

பெண்பால் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் தங்க வேண்டும், ஏனென்றால் வகுப்பில் யாரும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். ‘பூக்கா’ என்று எழுதுவதா ‘பூக்கென்’ என்று எழுதுவதா என்பது நோர்வேயில் ஒரு காலத்தில் வெறும் இலக்கண விஷயமாக இருக்கவில்லை. 1938இன் எழுத்துச் சீர்திருத்தம் பல சொற்களில் ‘ஆ’ வாலைக் கட்டாயமாக்கியது, இரண்டு எழுத்து மொழியையும் நெருக்கி ஒன்றாக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில். 1950களில் ஒஸ்லோவின் வசதியான பகுதிகளில் பெற்றோர் கிளர்ந்தெழுந்தார்கள், பிள்ளைகளின் பாடப்புத்தகங்களில் பேனாவால் அந்த வடிவங்களை அடித்துத் திருத்தினார்கள். அவர்களுக்கு ‘ஆ’ வால் நாட்டுப்புறத்து, தொழிலாளர் தெருவின் ஒலி. அந்தத் திட்டம் 2002இல் முறையாகக் கைவிடப்பட்டது, இப்போது பெரும்பாலான சொற்களில் இரண்டும் செல்லும். ஆனால் வாடை முழுவதும் போய்விடவில்லை. செய்தித்தாளில் ‘பூக்கென்’, சமையலறையில் ‘பூக்கா’ என்று ஒரே ஆள் இரண்டையும் வைத்துக்கொள்வதை நீங்கள் பார்ப்பீர்கள், அதில் தவறு எதுவும் இல்லை. சில சொற்களில் மட்டும் ‘ஆ’ வாலை விட்டால் எவருக்கும் இடறும், மாட்டைக் குறிக்கும் ‘கூவா’ அப்படி ஒன்று.

பெர்கன் நகரம் தனி. அங்கே பெண்பாலே கிடையாது, பெண்ணைக்கூட ‘யெண்டா’ என்னாமல் ‘யெண்டென்’ என்பார்கள். ஹான்சா என்ற வட ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பின் வணிகர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அங்கே தங்கி வியாபாரம் செய்தார்கள், அவர்களுடைய ஜெர்மனோடு கலந்து பழகியதில் மூன்று பால் இரண்டாகிவிட்டது என்று பெரும்பாலும் விளக்குவார்கள். இப்போது ஒஸ்லோவிலும் வடக்கே டிரொம்சோவிலும் இளையவர்களிடம் அதே பாதையில் ஏதோ நடக்கிறது, ஆனால் வேறு விதமாக. ‘எய்’ காணாமல் போகிறது, ‘ஆ’ வால் மட்டும் அப்படியே நிற்கிறது. பிள்ளைகள் ‘என் பூக்’ என்கிறார்கள், அடுத்த மூச்சில் ‘பூக்கா’ என்கிறார்கள். டிரொம்சோ பல்கலைக்கழகத்தில் மரித் வெஸ்டர்கோர்டும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்களும் இதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி எழுப்பினார்கள்: பால் என்பது ஒரு பெயர்ச்சொல் தன்னைச் சுற்றியுள்ள மற்றச் சொற்களை என்ன செய்யவைக்கிறது என்பதுதானே, ‘எய்’யும் போய், ‘டென்’னும் பொதுவாகிவிட்ட பிறகு, ஒட்டிக்கொண்டிருக்கும் வாலை மட்டும் வைத்து அதைப் பெண்பால் என்று சொல்ல முடியுமா? அது பால் இல்லை, எந்தச் சொல் எந்த வாலை ஏற்கும் என்ற வெறும் உருபு வகையாகிவிட்டது என்பது அவர்கள் பக்கம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. மேலே நான் "பெண்பால் வாலில் ஒளிந்திருக்கிறது" என்று எழுதியது வயதானவர்களின் பேச்சுக்கும் நீநொர்ஸ்க்குக்கும் முழு உண்மை, ஒஸ்லோப் பிள்ளைகளுக்கு அரை உண்மை.

நீநொர்ஸ்க்கிலும் பல கிராமத்துப் பேச்சிலும் பால் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்க்க ஆசையிருந்தால் பொருட்களை எப்படிச் சுட்டுகிறார்கள் என்று கேளுங்கள். "புத்தகம் எங்கே?" என்று கேட்டால் ‘ஹூ லிக் போ பூரெ’ என்று பதில் வரும், சொல்லுக்குச் சொல் "அவள் மேசைமேல் கிடக்கிறாள்". கார் என்றால் "அவன் வெளியே நிற்கிறான்". பூக்மோலும் டேனிஷும் இந்த இடத்தில் ‘டென்’ என்று சொல்லி முடித்துவிடும். உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய நமக்கு முதலில் இது ஏற்காது, ஆனால் அந்தப் பேச்சில் பொருளுக்குத் திணை இல்லை, சொல்லுக்குத்தான் பால்.

திணை என்றதும் மூன்றாவது கேள்வி. "இது என் அம்மா" என்பதற்கு நோர்வேயில் ‘டெட்டெ ஏர் மூரா மி’, டென்மார்க்கில் ‘டே ஹேர் ஏர் மின் மோர்’. அம்மா ‘எட்’ வகை இல்லை, ஆனாலும் ‘எட்’ வகைச் சுட்டுதான் வருகிறது. இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, நாமும் தமிழில் "இது என் அம்மா" என்றுதானே சொல்கிறோம்? "இவர் என் அம்மா" என்று மேடையில் சொல்லலாம், வீட்டு வாசலில் ‘இது’தான். பன்மைக்கும் அப்படியே, "இது என் பிள்ளைகள்" என்கிறோம், அவர்களும் ‘டெட்டெ ஏர் பார்னா மீனெ’ என்பார்கள், பன்மைச் சுட்டான ‘டிஸ்ஸெ’ அங்கே வராது. ஒருவரையோ ஒன்றையோ முதன்முதலாகக் காட்டி இன்னார், இன்னது என்று சொல்லும் இடத்தில், எதைக் காட்டுகிறோம் என்பது இன்னும் பெயர் பெறவில்லை, அதனால் பாலும் இல்லை. அறிமுகம் முடிந்த அடுத்த வாக்கியத்திலேயே ‘ஹுன்’, அதாவது அவள் என்று மாறிவிட வேண்டும். "இது என் அம்மா. அவங்க டீச்சர்." தமிழ்க் காது இங்கே உங்களுக்கு முழு உதவி, தயங்காமல் நம்புங்கள்.

அதே காது அடுத்த அடியில் காலை வாரிவிடும். குவிந்து கிடக்கும் ஜாக்கெட்டுகளில் ஒன்றை எடுத்து "இது என்னுடையது" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். தமிழில் இங்கேயும் ‘இது’. நோர்வேஜியனில் "இது என் ஜாக்கெட்" என்றால் ‘டெட்டெ ஏர் யாக்கா மி’, ஆனால் "இது என்னுடையது" என்றால் ‘டென்னெ ஏர் மீன்’. இரண்டாவதில் ஜாக்கெட் என்பது ஏற்கெனவே பேச்சில் இருக்கிறது, அதன் பால் சுட்டுச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டைக் காட்டி "இதுதான் எங்களுடையது" என்றால் ‘டெட்டெ’, ஏனென்றால் வீடு ‘எட்’ வகை. இந்த ஓர் இடத்தில்தான் பல வருடம் இருந்தவர்களும் தடுமாறுவதைப் பார்க்கிறேன்.

குழந்தை விஷயத்தில் ஓர் ஒற்றுமை எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும். குழந்தையைக் குறிக்கும் ‘பார்ன்’ இரண்டு மொழியிலும் ‘எட்’ வகை, மனிதன் என்ற பொதுச் சொல்லும் அப்படியே. நாம் "குழந்தை அழுகிறது" என்கிறோம், "அழுகிறான்" என்பது பேர் தெரிந்த பிறகுதான்.

இப்போது உங்கள் அக்கா இருக்கும் நாட்டுக்குப் போவோம், அங்கே மேற்குக் கரையில் ஒரு பேச்சுவழக்கு இருக்கிறது, பால் பற்றி யோசிக்கிற எவரும் அதைத் தெரிந்துகொள்ளாமல் விடக் கூடாது. மேற்கு யூட்லாந்தின் பழைய பேச்சில் வால் கிடையாது, ஆங்கிலத்தைப் போலக் குறிப்புச் சொல் முன்னால் வரும்: வீட்டை ‘ஹூசெத்’ என்னாமல் ‘எ ஹூஸ்’ என்பார்கள். அதைவிட ஆச்சரியம் சுட்டுச் சொற்களில். அங்கே ‘டென்’, ‘டே’ இரண்டும் சொல்லின் பாலைப் பார்ப்பதில்லை, பொருள் எண்ணக்கூடியதா, அளக்கக்கூடியதா என்று பார்க்கின்றன. மரத்துக்கு டேனிஷில் ‘ட்ரே’. நிற்கிற மரத்தைக் காட்டினால் ‘டென் ட்ரே’, அறுத்து அடுக்கிய மரத்தைக் காட்டினால் ‘டே ட்ரே’. ஒரு மீனைத் தூக்கிக் காட்டினால் ‘டென் ஃபிஸ்க்’, தட்டில் இருக்கும் மீன் கறியென்றால் ‘டே ஃபிஸ்க்’. பிறந்த பிறகு யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லாத ஒரு முறை, பொருளைப் பார்த்தால் போதும். அந்தப் பேச்சு வேகமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். டென்மார்க்கின் இன்னொரு மூலையில், பால்டிக் கடல் நடுவே இருக்கும் போர்ன்ஹோம் தீவில், பழைய மூன்று பாலும் பேச்சில் பிழைத்து வந்திருக்கின்றன. சின்ன நாடு, ஒரு பக்கம் மூன்று, நடுவே இரண்டு, மேற்கே வேறொரு கணக்கு.

யூட்லாந்தின் அந்த எண்ணிக்கைக் கணக்கு பொது மொழியிலும் அங்கங்கே எட்டிப் பார்க்கும். பீருக்கான சொல்லை உதட்டைக் குவித்துக்கொண்டு ‘எல்’ என்பது போலச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டில் கேட்டால் ‘என் எல்’, பானத்தைப் பொதுவாகச் சொன்னால் அது ‘எட்’ வகைக்கு மாறிவிடும். இரண்டு மொழியிலும் உண்டு. "மீன் உடம்புக்கு நல்லது" என்னும்போது மீன் ‘என்’ வகையாக இருந்தும் "நல்லது" மட்டும் ‘எட்’ வகை வடிவம் எடுக்கும். "பான்கேக் நல்லாயிருக்கும்" என்பதில் எழுவாய் பன்மையாகவே இருந்தாலும் அப்படித்தான், நோர்வேஜியனில் ‘பன்னெகாகெர் ஏர் கொட்’. அதனால் மொழியியல்காரர்கள் இதற்கு பான்கேக் வாக்கியம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பான்கேக் என்ற தனித்தனிப் பண்டத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை, பான்கேக் சாப்பிடுவது பற்றித்தான் பேச்சு, அதற்குப் பாலும் எண்ணும் தேவைப்படவில்லை.

அக்கா பேசும்போது ‘டென்னெ’ என்று சொல்வதை நீங்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். டேனிஷில் அது எழுத்துக்கும் சம்பிரதாயத்துக்கும் போய்விட்டது, பேச்சில் "இந்த" என்றால் ‘டென் ஹேர்’, "அந்த" என்றால் ‘டென் டேர்’. சொல்லுக்குச் சொல் "அது இங்கே", "அது அங்கே". நோர்வேயில் ‘டென்னெ’ பேச்சிலும் நன்றாக வாழ்கிறது, ‘டென் ஹேர்’ நாட்டின் நடுப்பகுதியான டிரொண்டெலாக்கிலும் வடக்கிலும் நிறையக் கேட்கும். சுட்டுகள் அண்மை, சேய்மை என்று இரண்டோடு முடிந்துவிடுகின்றன. தொல்காப்பியமும் நன்னூலும் அ, இ, உ என்று மூன்று சொல்கின்றன, யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘உது, உவன், உந்த’ இன்னும் அன்றாடச் சொற்கள். டென்மார்க்கிலும் நோர்வேயிலும் இருக்கிற தமிழரில் மிகப் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள், அவர்கள் ‘உது’வை மொழிபெயர்க்கப் பார்த்துக் கைவிடுவது இயல்புதான், அதற்கு இடம் இந்த மொழிகளில் இல்லை.

இடத்தால் இல்லாமல் மனத்தால் தூரம் காட்டுகிற ஒரு சுட்டு மட்டும் உண்டு. ஒஸ்லோப் பேராசிரியர் யான்னெ போண்டி யோஹான்னெசன் 2008இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். ‘யெண்டா’ என்றாலே "அந்தப் பெண்" என்று ஆகிவிடும், அதற்கு முன்னால் ‘ஹுன்’ சேர்த்து ‘ஹுன் யெண்டா’ என்றால், எனக்கோ உனக்கோ அவ்வளவு பழக்கமில்லாத ஒருத்தி என்று பொருள் சேரும், அவள் பக்கத்திலேயே நின்றாலும். டேனிஷில் இதே இடத்தில் ‘ஹம் டேர் லார்ஸ்’ என்பது போல வேற்றுமை ஏற்ற வடிவம் வரும். இதை நான் தமிழருக்கு விளக்க வேண்டியதே இல்லை, "அந்தாளு" என்று நாம் சொல்லும்போது ஆள் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்பதையா சொல்கிறோம்? இந்தச் சுட்டில்தான் ஆண், பெண் வேறுபாடு முழுசாகத் திரும்பி வருகிறது, ஏனென்றால் இது ‘அவன், அவள்’ என்ற சொற்களிலிருந்து பிறந்தது.

கடைசியாக, எப்படிப் படிப்பது என்று. மொழியியலாளர் டிரொண்ட் டிரொஸ்டெரூட் 2001இல் நோர்வேஜியனில் பால் விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டினார், நாற்பத்து மூன்று விதிகள், அவற்றால் 94 சதவீதச் சொற்களைப் பிடித்துவிடலாம் என்று. அருமையான வேலை, ஆனால் கடையில் நின்று பேசும்போது நாற்பத்து மூன்று விதி தலையில் ஓடாது. ‘உம்’ என்று முடியும் மியூசியம் போன்றவை ‘எட்’, ‘எரி’ என்று முடியும் பேக்கரி போன்றவையும் ‘எட்’, கூட்டுச்சொல்லின் பாலைக் கடைசிச் சொல் தீர்மானிக்கும், இந்த மூன்றே போதும் தொடங்க. மீதிக்கு, சொல்லைத் தனியாகப் படிக்காமல் சுட்டோடு சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள்: ‘டே ஹூஸெ’, ‘டென் பீலென்’, ‘டென் பூக்கா’ என்று. நோர்வேஜியனில் இப்படிச் சொன்னால் ‘எட்’ வகையா என்பதும் பெண்பாலா என்பதும் ஒரே மூச்சில் வந்துவிடும். தவறிப் போய் ‘எட்’டுக்குப் பதில் ‘என்’ சொன்னாலும் பெரும்பாலும் புரிந்துவிடும், ஆனால் சில இடத்தில் பொருளே மாறும். ‘என் ஏரெ’ சில்லறைக் காசு, ‘எட் ஏரெ’ காது. ‘என் திங்’ ஒரு பொருள், ‘எட் திங்’ ஒரு சபை, நோர்வேயின் பாராளுமன்றமான ஸ்டூர்திங்கின் கடைசிப் பாதி அதுதான். டேனிஷில் மட்டும் ‘என் ஃப்ரெ’ தவளை, ‘எட் ஃப்ரெ’ விதை.

அக்காவுக்கு எழுதும்போது ‘டென்’, ‘டென்னெ’ வந்த இடத்திலெல்லாம் வாலை வெட்டிவிடுங்கள், ‘எய்’யை ‘என்’ ஆக்கிவிடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லாச் சொற்களும் அக்கரையிலும் அதே வகையில் நிற்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். வேலை கிடைத்த செய்தியை அவரிடம் சொல்வதானால் நோர்வேயில் அது ‘என் யொப்’, டென்மார்க்கில் ‘எட் ஜொப்’.